டோன் வரட்டும்

கிட்டார்காரர்களில் இரண்டு இனம். வாசிப்பவர்கள் ஒன்று, ஒலியின் குணமான டோனைத் தேடுபவர்கள் மற்றொன்று. முதல் இனத்தாரை முகத்தைப் பார்த்து அடையாளம் காணலாம். இரண்டாம் இனத்தாருக்கு முதுகுதான் அடையாளம். எப்போது போய்ப் பார்த்தாலும் குனிந்து ஏதாவது ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

நம்மவர் இரண்டாம் இனத்தில் முதல் தரம். பகலில் காப்பீட்டு அலுவலக அதிகாரி, மாலையில் 'டோன்' அண்ணன். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கம்பி அதிர்வதை அதன் அடியில் இருக்கும் காந்தச் சுருளான பிக்கப் எப்படிப் பிடிக்கிறது என்று ஆரம்பித்து, கம்பி தடித்தால் என்ன, மரம் கனத்தால் என்ன, கேபிள் நீண்டால் என்ன என்று நடந்து, ஒலியை மாற்றும் பெடல், அதைப் பெருக்கும் ஆம்ப் எல்லாம் தாண்டி, ஆம்ப் நிற்கும் தரையில் கம்பளம் விரித்தது சரியா தப்பா என்பது வரைக்கும் உங்களை இழுத்துக்கொண்டு போய்த்தான் விடுவார். விரலில் பிடிக்கும் சிறு தகடான பிக்கைக் கொண்டு கம்பியை எங்கே தட்டுவது என்பதும் அத்துபடி: கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் தட்டினால் கறார், கழுத்துப் பக்கம் தட்டினால் குழைவு. எல்லாம் தெரியும். தட்டத்தான் நேரமில்லை.

"ஏங்க, அந்தப் பாட்டைக் கொஞ்சம் வாசிச்சுப் பழகக் கூடாதா?" என்பார் மனைவி.

"வாசிக்கலாம். டோன் வரட்டும்."

"அது எங்க போயிருக்கு?"

நம்மவர் அதற்குள் அடுத்த குமிழுக்குப் போயிருப்பார்.

சனிக்கிழமை இவர்களுடைய குழு முதன்முதலாக மேடையேறுகிறது. பாட்டின் நடுவில் மற்றதெல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாகப் பேசும் ஓர் இடம் வரும். அது நம்மவருக்கு. அந்த இடத்துக்குரிய முகபாவத்தைக் கண்ணாடி முன் நின்று ஏற்கெனவே பழகியாகிவிட்டது. கண்ணை மூடுவது, தலையைச் சாய்ப்பது, எல்லாம் தயார். ஆனால் குழுவை நடத்துபவரும் டிரம்ஸ் அடிப்பவருமான பல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: கடைசி ஒத்திகையிலும் சரியாக வராவிட்டால் அந்த இடம் கீபோர்டுக்குப் போய்விடும். கீபோர்டு வாசிப்பது யார்? ஒரே வீட்டில் இருக்கும் சொந்தக் கொழுந்தியாள். அவளிடம் பறிகொடுத்துவிட்டு ஒரு மனிதர் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவார், நீங்களே சொல்லுங்கள்.

கடைசி ஒத்திகை. நம்மவர் ஆரம்பித்தார். முதல் வரி நடந்தது, இரண்டாம் வரி ஓடியது, வேகமான மூன்றாம் வரியில் பிக் கம்பியில் சிக்கிக் குப்புற விழுந்தது.

"கேபிள்," என்றார் நம்மவர்.

கேபிள் மாற்றப்பட்டது. மறுபடியும் அதே இடம், அதே விழுகை.

"இந்தக் கேபிளுக்கும் அதே எடத்துலதான் கால் தடுக்குதா?" என்றார் பல் டாக்டர்.

நம்மவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தரையில் மண்டியிட்டு, நீலநிறப் பெடலின் குமிழை மயிரிழை அளவு திருகி, கண்ணை மூடி, கம்பியை ஒரு தட்டுத் தட்டிக் கேட்டார். இன்னும் மயிரிழை. இன்னொரு தட்டு. முகம் மலர்ந்தது.

"இப்பக் கேளுங்க. ஒரு கதகதப்பு வந்துச்சா இல்லையா?"

"மாமா," என்றாள் கொழுந்தியாள், "அந்தப் பெட்டிக்கு ஒயரே சொருகல."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"கொஞ்சம் குடுங்க மாமா." அவள் கிட்டாரை வாங்கித் தோளில் மாட்டினாள். அதே ஆம்ப், அதே கேபிள், அதே கம்பி. மூன்று வரியும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின. இவர் குமிழ் திருகிய மாலைகளிலெல்லாம், சும்மா கிடந்த இவருடைய இரண்டாவது கிட்டாரை மூலையில் வைத்துப் பழகியிருக்கிறாள்.

நம்மவர் பார்த்தார். அவள் மணிக்கட்டு தளர்ந்திருந்தது. பிக்கின் நுனி கம்பியை உரசியும் உரசாமலும் சற்றே சாய்ந்து போனது. தாமோ அதை யாரோ பிடுங்க வருவதுபோல இறுக்கிப் பிடித்துக் குத்தியிருக்கிறோம் என்று புரிந்தது. தேடியதெல்லாம் இந்தக் கையில் இருக்கிறது. இந்தக் கை கடையில் கிடைக்காது. தினமும் உட்கார்ந்து பழக வேண்டும். இந்த உண்மை நம்மவருக்குள் நுழைந்து, உட்கார இடம் தேடி, ஒரு நொடி நின்றது.

"அது என்ன பிக்?" என்றார்.

"பிக்கெல்லாம் இல்ல மாமா. டாக்டரோட கிளினிக் அட்டை. மூலையை வெட்டி வச்சிருந்தேன்."

உண்மை எழுந்து வெளியே போய்விட்டது. நம்மவர் அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சுண்டிப் பார்த்து, பல் டாக்டரிடம் திரும்பினார்.

"டாக்டர், இந்த அட்டை எந்த பிரஸ்ல அடிச்சீங்க?"

"தனி வாசிப்பு சனிக்கிழமை அவளுக்கு," என்றார் டாக்டர்.

"சரி சரி. தடிமன் என்னன்னு கேட்டு வைங்க."

உங்களுக்குக் கிட்டாரே தெரியாது, ஆகையால் இது உங்களைப் பற்றி இல்லை என்கிறீர்களா? நல்லது. தினமும் ஓடப்போவதாகச் சொல்லி எந்தக் காலணி என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருப்பவர், எழுதப்போகும் நாவலுக்கு மேசை வாங்கியவர், இவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். வெகுநாளாகத் தள்ளிப்போட்ட அந்த ஒரு வேலை உங்களிடம் இருக்கிறதே, இதைக் கீழே வைத்ததும் அதைத் தொடங்கிவிடுங்கள்.

என்ன, நாற்காலி கொஞ்சம் உயரமாக இருக்கிறதோ?