ஆய்வகத்துக்குள் வளை தோண்டிய கீரி

கல்லூரி இல்லாத குறையைத் தவிர வேறு குறை தெரியாத ஒரு காட்டில், கல்லூரியும் வந்து சேர்ந்தது. வடிவு என்ற கீரி அதில் சேர்ந்தது. அந்த வளையிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் கீரி அதுதான். அனுப்பும்போது அப்பா கீரி ஒரே ஒரு நிபந்தனை போட்டது.

"ஒரு பேப்பர்ல ஃபெயிலானாலும் படிப்பு போதும். பேசாம வந்து பாம்பு பிடி."

முதலாண்டில் எல்லோருக்கும் 'தொழில்நுட்ப அறிமுகம்' கட்டாயப் பாடம். நடத்தியவர் பேராசிரியர் மயில்வாகனம். மயில்தான். முதல் வகுப்பில் தோகையை விரித்துக் காட்டிவிட்டு, யாருக்கு எதில் ஆர்வம் என்று கேட்டார்.

சுகுமாரன் என்ற கிளி எழுந்து, "செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், தலைமைப் பண்பு" என்றது. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

வடிவின் முறை வந்தது. "செல்போன்ல இங்க பேசினா மலைக்கு அந்தப் பக்கம் கேக்குது, சார். எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்கணும். ஒண்ணைப் பிரிச்சுப் பாக்கணும்."

"பிரிச்சுப் பாக்குறது மெக்கானிக் வேலைம்மா. இது அறிமுகம் மட்டும்தான். உக்காரு."

கணினி ஆய்வகம் பூட்டியே கிடந்தது. திறந்தால் உள்ளே தூசி போய்விடுமாம். அதனால் பேராசிரியர் கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்தார். மாணவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் முழங்காலில் தட்டச்சு செய்தார்கள். மவுஸ் பற்றியும் ஒரு பாடம் நடந்தது. "கைக்கு அடக்கமானது. வால் உடையது. முதுகில் அழுத்தினால் சத்தம் போடும்" என்று அவர் சொல்ல, வகுப்பு முழுவதும் திரும்பி, மூன்றாம் பெஞ்சு எலியைப் பார்த்தது. அதன்பிறகு எலி வகுப்புக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் கடைசிவரை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மதிய இடைவேளையில் ஆய்வகத்தின் பின்சுவரை ஒட்டி மண்ணைத் தோண்டி உள்ளே போனது. பிளாஸ்டிக் உறை கழற்றாத கணினிகள், ஆயுதபூஜைச் சந்தனத்தோடு வரிசையாக நின்றன. ஒன்றைத் தட்டிப் பார்த்தது. அசையவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், மின்கம்பியை யாரும் செருகவே இல்லை. செருகியதும் திரை நீலமாக விடிந்தது. வடிவு பயந்து மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பிறகு தினமும் மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தது. ஒன்றைத் திறந்து பார்த்து மூடியது. இரண்டைக் கம்பியால் இணைத்தது. ஒரு நாள் இந்தக் கோடியில் 'வடிவு' என்று தட்ட, அந்தக் கோடியில் 'வடிவு' என்று வந்தது. அது ஓடிப்போய் அந்தத் திரையைத் தொட்டுப் பார்த்தது. அன்று வகுப்பில் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே இருந்தது.

பருவம் முடிந்தது. தேர்வுக்குப் பதில் கட்டுரை. தலைப்பு: 'என் ஆர்வமும் இப்பாடத்தில் நான் உணர்ந்ததும்'.

சுகுமாரன் செல்போனிடம் கேட்டது. செல்போன் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதியது. 'இப்பாடம் என் வாழ்வின் திருப்புமுனை' என்று தொடங்கிய கட்டுரை, 'உங்களுக்கு வேறு ஏதேனும் உதவி தேவையா?' என்று முடிந்தது. பேராசிரியர் முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் 'தேவையில்லை, நன்றி' என்று எழுதினார்.

வடிவு நடந்ததையெல்லாம் எழுதியது. வளை தோண்டியதையும் சேர்த்து.

பேராசிரியர் வடிவைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"கம்ப்யூட்டர் ஓடுதா?"

"நல்லா ஓடுது, சார்."

அவர் தோகை தரையோடு படிந்தது. "ஓடாதுன்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருந்தேன். ஓடுதுன்னு தெரிஞ்சா என்னை ஓட்டச் சொல்லுவாங்க. ஏம்மா, நீ உணர்ந்ததை எழுதச் சொன்னேன். நடந்ததையா எழுதச் சொன்னேன்?"

அவர் கட்டுரையை வடிவிடமே திருப்பித் தந்தார்.

"நாளைக்கு வேற எழுதிட்டு வா. அந்த வளையையும் நீயே மூடிடு. இல்லேன்னா ஃபெயில்."

கீரி இரண்டு கால்களில் எழுந்து நின்று உண்மைக்காகப் போராடியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது அப்பாவை நினைத்தது. பாம்புகளையும் நினைத்தது. அன்று மாலையே ஆய்வகத்துக்குப் போய்க் கம்பிகளைப் பிடுங்கி, உறைகளை மாட்டி, வெளியே வந்து, தான் தோண்டிய மண்ணைத் தானே உள்ளே தள்ளி மிதித்தது. பிறகு சுகுமாரனைத் தேடிப் போனது.

"திருப்புமுனைன்னு எழுதினேன்ல, நீ மைல்கல்னு போட்டுக்க. அவருக்குத் தெரியாது" என்றது கிளி, தாராளமாக.

வடிவு முதல் வகுப்பில் தேறியது. ஆண்டு விழாவில், சிறந்த தொழில்நுட்ப ஆர்வலர் பரிசு சுகுமாரனுக்குக் கிடைத்தது. அது மேடையேறி நன்றியுரை ஆற்றியது. மைக்கில் சத்தமே வரவில்லை. அலகு மட்டும் நெடுநேரம் அசைந்தது.

பக்கத்தில் இருந்த முயல் வடிவின் காதில், "உனக்குத்தான் இதையெல்லாம் பிரிச்சுப் பாக்க ஆசையாச்சே, போய்ப் பாரேன்" என்றது.

"எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றது வடிவு. எல்லோரும் கை தட்டத் தொடங்கியபோது அதுவும் தட்டியது.

நீதி: எந்த இயந்திரமும் ஓடாத இடத்தில், ஓட்டத் தெரிந்தவர்தான் கோளாறு. விரைவில் சரியாகிவிடுவார்.