ஏழாம் அறையில் நகராத பெரியவர்

"அசையவே மாட்டேங்குது தம்பி," என்றார் தாவரவியல் பேராசிரியை, தொலைபேசியில்.

கல்லூரியின் கணினி உதவியாளர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தபடியே எந்த வகுப்புக் கணினியையும் தன் திரையில் வரவழைத்து இயக்கக்கூடியவர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். அதற்குள் அவர்மேல் வந்த புகார்களை அடுக்கினால் அவரைவிட உயரம். இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முதல்வர் காலையில் அன்பாகவே சொல்லியிருந்தார்.

ஏழாம் அறைக் கணினியைப் பிடித்தார். திரையில் ஒரு படம் வந்தது.

"மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்தானே மேடம்?"

"அவரேதான். பெரிய விஞ்ஞானி. முதல் பக்கத்துலயே நின்னுட்டாரு. தள்ளி விடுங்க."

தள்ளினார். பெரியவர் நகரவில்லை. அம்புக்குறியை அவர் மூக்கைச் சுற்றி வலம் வரவிட்டார்.

"இப்போ ஏதாவது ஆடுதா?"

"ஒண்ணும் ஆடலை. என்னதான் பண்றீங்க?"

படத்தைப் பெரிதாக்கினார். பெரிதானது சுருங்க மறுத்தது. இரண்டு கண்கள் மட்டும் திரை முழுக்க நின்று முறைத்தன.

"இப்போ மேடம்?"

"அப்படியேதான் இருக்காரு. பசங்க எழுந்து போக ஆரம்பிச்சுட்டாங்க!"

உதவியாளர் விசைப்பலகையை இழுத்தார். கண்களுக்குக் கீழே கொட்டை எழுத்தில் அடித்தார்: 'நான்தான் வந்திருக்கேன். தெரியுதா? யாரும் எழுந்து போகாதீங்க.'

"எழுத்து வருதா மேடம்?"

"எழுத்தும் வரலை, எறும்பும் வரலை. நான் முதல்வர்கிட்டயே பேசிக்கறேன்." போனை வைத்துவிட்டார்.

உதவியாளர் மேசையைத் துடைத்தார். டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பியூன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"முதல்வர் அனுப்பினாரா?"

"ஆமா சார்."

"என் வேலை போச்சா?"

"நீங்க வேற! அவரே கை கூப்பி நிக்கிறாரு. ஹால்ல இரங்கல் கூட்டம் சார். போன மாசம் தவறிப்போன கணக்குப் பேராசிரியருக்கு. ஹால் கம்ப்யூட்டர் காலையில மக்கர் பண்ணிச்சா, அதை ஏழாம் அறையில வச்சுட்டு, அங்கே இருந்ததை நான்தான் ஹாலுக்குத் தூக்கிட்டுப் போனேன். அதுலதான் ஐயா படம் ஓடுது."

உதவியாளர் தன் திரையைப் பார்த்தார். கண்கள் இன்னும் முறைத்தன. கை தானாக சுவிட்சை நோக்கிப் போனது.

பியூன் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"ஐயையோ, எதையும் அணைச்சுடாதீங்க சார், அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்! ஐயா வந்திருக்காரு. லாக்கர் சாவியை எங்கே வச்சீங்கன்னு அவர் சம்சாரம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, இன்னும் பதில் வரலை."