மிளகு வாடல் நோய் அறிக்கை

மடிக்கணினி புத்தம் புதிதாகக் கண் விழித்து, "வரவேற்கிறோம்" என்றது. நந்தகுமாருக்கு அப்போதுதான் அந்த ஃபோல்டர் நினைவுக்கு வந்தது.

மலைமேல் இருந்த திருப்புலி நாட்டுத் தோட்டக்கலை அலுவலகத்தில் மொத்தம் இரண்டு பேர், ஒரே மடிக்கணினி. காலையில் நந்தகுமார் தட்டுவான். அவன் தோட்டம் பார்க்கக் கிளம்பியதும் ரஞ்சிதா தட்டுவாள். கணினி ஒரு வாரமாகத் திணறியதால், அலைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து விண்டோஸை அவனே புதிதாக ஏற்றிவிட்டான்.

அலுவலகக் கோப்புகளை எல்லாம் முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தான். விட்டது ஒரே ஒரு ஃபோல்டர். அதன் பெயர், 'மிளகு வாடல் நோய் அறிக்கை'. உள்ளே மிளகு இல்லை. ரஞ்சிதாவுக்கு அவன் எழுதி, ஒரு வருடமாகக் கொடுக்காமல் வைத்திருந்த பன்னிரண்டு கடிதங்கள் இருந்தன. பென்டிரைவ் அவளுடையது, அதிலா போய் வைப்பான்? கணினியிலேயே ஒரு மூலையில் வைத்தான். எதையெல்லாம் அழிக்கலாம் என்று கணினி கேட்டபோது எல்லாவற்றுக்கும் 'சரி' என்றான்.

ரஞ்சிதாவுக்கு ஆத்தூருக்கு மாறுதல் வந்துவிட்டது. நாளைக் காலை பஸ். இன்று மாலைக்குள் கடிதங்களை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுவதாக இருந்தான். நேரில் பேச வராது. இதுவரை பேசியதில் மிக நெருக்கமான வாக்கியமே, "மேடம், மரவள்ளி லிஸ்ட் முடிஞ்சுதுங்களா?" என்பதுதான்.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினான். வரவில்லை. இன்னொன்று. பிறகு மூன்றாவது. கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சோளக்காடு ஊர்க் கடைவீதியில் இருந்த கோகிலாவின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினான்.

"ஏனுங்க சார், அழிஞ்ச எடத்து மேலயே மூணு சாஃப்ட்வேர ஏத்தி வெச்சிருக்கீங்க! சும்மா இருந்திருந்தாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும்."

"எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க. பன்னெண்டு ஃபைல். ஆனா எதையும் திறந்து பார்க்காதீங்க."

"ஃபோல்டர் பேரு?"

அவன் குரலைத் தாழ்த்தி, "மிளகு வாடல் நோய் அறிக்கை" என்றான்.

ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற மிளகு விவசாயி அர்த்தனாரிக்கு அது நன்றாகவே கேட்டது.

"வாடல் நோய்க்கு அறிக்கையே இருக்குதுங்களா சார்? என்ற மிளகுக் கொடியெல்லாம் எல பழுத்துக் கொட்டுது. ஆபீசுல கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறீங்க!"

"அது... ரகசிய அறிக்கைங்க."

சொல்லியிருக்கவே கூடாது. அர்த்தனாரி வாசலுக்குப் போய், "ரகசியமாமாங்க!" என்றார். வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள்.

"மருந்து கண்டுபுடிச்சிட்டாங்க போல."

"பின்ன எதுக்கு ஒளிக்கறாங்க?"

"கோகிலா கண்ணு, எங்களுக்கும் ஆளுக்கொரு காப்பி போடு."

நந்தகுமார் மடிக்கணினியை மூடப் போனான். அர்த்தனாரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க சார். படிச்சுச் சொல்ல மேடத்துக்கே போன் போட்டுட்டேன். அழிஞ்சுபோன அறிக்கைய எடுக்கறாங்கன்னு பேரச் சொன்னதும், 'இதோ வாரேன்'னுட்டாங்க."

"யாரு... ரஞ்சிதா மேடமா?"

"ஸ்கூட்டர்ல வாராங்க."

அதே நேரம் திரையில் வரிசையாக எழுத்துகள் ஊர ஆரம்பித்தன.

"வந்திருச்சுங்க சார்!" என்றாள் கோகிலா. "ஆனா ஃபைல் பேரெல்லாம் போயிருச்சு. உள்ள இருக்கற முதல் வரிதான் பேரா வருது."

முதல் வரி! பன்னிரண்டு கடிதங்களுக்கும் முதல் வரி ஒன்றுதான்.

"வேண்டாம், நிறுத்துங்க!"

"அதெப்படிங்க நிறுத்தறது?" என்றது கூட்டம்.

வாசலில் ஸ்கூட்டர் கிரீச்சிட்டது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ரஞ்சிதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"கோகிலா, ஆஃப் பண்ணு! அந்த ஃபோல்டர்ல இருந்தது எதுவும் திரும்பி வர வேண்டாம். அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கட்டும்!"

நந்தகுமாருக்குப் புரிந்துவிட்டது. அவள் எப்போதோ அந்த ஃபோல்டரைத் திறந்திருக்கிறாள். படித்தும் இருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

"மன்னிச்சிருங்க மேடம்" என்றான் தலையைக் குனிந்தபடி. "தப்பு என்னோடதுதான். நானே மொத்தமா அழிச்சிடறேன்."

ரஞ்சிதா தலைக்கவசத்தின் கண்ணாடியைச் சட்டென்று கீழே இறக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டத்துக்குத் தெரியாதபடி திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிய கோகிலா, மெல்ல அவனிடம் சொன்னாள்:

"பன்னெண்டுன்னுதானே சார் சொன்னீங்க, இருபத்திநாலு வந்திருக்குதுங்க, பன்னெண்டு 'அன்புள்ள ரஞ்சிதா', மிச்சம் பன்னெண்டும் எழுதி எழுதி அழிச்ச 'அன்புள்ள நந்தகுமார்'!"