லேப்டாப் வாங்கப் போகிறவர்

லேப்டாப் வாங்குகிறவர் வேறு, லேப்டாப் வாங்கப் போகிறவர் வேறு. முன்னவர் கடைக்குப் போவார், ஒரு பெட்டியோடு திரும்புவார், அதோடு அவர் கதை முடிந்தது. அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பின்னவர்தான் நம்ம ஆள். அவர் கடைக்குப் போக மாட்டார். போனாலும் வாங்க மாட்டார். வாங்காவிட்டாலும் விட மாட்டார். உங்களுக்கும் அவரைத் தெரியும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், உங்கள் மாடிப்படியில் ஒருவர் இருப்பார். எனக்கு அந்த அலைச்சல்கூட இல்லாமல் குடும்பத்துக்குள்ளேயே கிடைத்துவிட்டார். என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். அவர் காதுபட, "புதுசா ஒரு லேப்டாப் வாங்கலாம்னு இருக்கேன்" என்று சும்மா சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். "என்ன யூஸுக்கு?" என்பார், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்கிற அதே குரலில். நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எந்த ப்ராசஸர் பாத்திருக்கீங்க? எத்தனை கோர்? எந்தத் தலைமுறை?" நமக்குத் தலைமுறை என்றால் தாத்தா, அப்பா, பிள்ளை. அவருக்குப் போன வருடம் வந்த சில்லு தாத்தா, அதற்கு முந்தைய வருடத்துச் சில்லு செத்தே போய்விட்டது. செத்ததை வைத்துக்கொண்டா இத்தனை நாள் வேலை பார்த்தோம் என்று நீங்கள் வெட்கப்பட வேண்டும். பட்டுவிடுவீர்கள்.

எங்கள் மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். தெரியாத்தனமாக லிஃப்டில் வைத்து என் சகலையிடம் யோசனை கேட்டுவிட்டார். மறுநாள் அவருக்குப் பதினேழு பக்கத்தில் ஒரு கோப்பு வந்தது. அடுத்த வாரம் அதற்குத் திருத்தம் வந்தது. அதற்கடுத்த வாரம், "முன்னாடி அனுப்பினதைப் பார்க்க வேண்டாம்" என்று ஒரு செய்தி வந்தது. இப்போது அந்த டாக்டர் நோயாளிகளின் பெயரைக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

சகலையின் உத்தியோகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஆய்வாளர் அவர். உள்ளே ஏறி நிற்பார், மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, கயிற்றுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், பத்து நிமிடத்தில் "ஓடலாம்" அல்லது "ஓடக் கூடாது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். நூற்றுக்கணக்கான பேர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் தினமும் ஏறி இறங்குகிறார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு ஒரு லேப்டாப் எடுக்க ஏழு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'பட்டியல்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமைதான்.

பட்டியல் என்றால் சாதாரணப் பட்டியலா? முப்பத்தெட்டு லேப்டாப்புக்கு முப்பத்தெட்டு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் இருபத்தாறு கட்டம். வேகத்துக்கு ஒன்பது கட்டம், பேட்டரிக்கு ஏழு, சூட்டுக்கு மூன்று, விசிறிச் சத்தத்துக்கு இரண்டு, மிச்சம் எதற்கென்று அவருக்கே ஞாபகமில்லை. பச்சை அடித்தது நல்லது, சிவப்பு அடித்தது கூடாது, மஞ்சள் அடித்தது இன்னும் இரண்டு வீடியோ பார்த்தபின் தெரியும். எந்த வரிசையும் முழுப் பச்சையாக வந்ததில்லை. வேகமான சில்லு பேட்டரியைக் குடித்துவிடும். பேட்டரி நிற்கிற சில்லு நகரவே நகராது. வேகமும் இருந்து பேட்டரியும் நின்றால், அதன் கேமராவில் முகம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்று எங்கோ யாரோ ஒருவர் குறை சொல்லியிருப்பார். அந்த ஒருவரை உலகம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார் சகலை. எல்லாம் பொருந்தி வந்துவிட்டால்? அப்போதுதான் அவர் முகத்தில் நிஜமான கலவரத்தைப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்காது. மறுநாள் மலர்ந்த முகத்தோடு வருவார். "சகலை, நல்லவேளை அவசரப்படல. இன்னும் மூணு மாசம் பொறுத்தா புது சில்லு வருதாம்."

ஏழு மாதத்தில் எத்தனை மூன்று மாதம் என்று நான் கேட்கவில்லை. உறவு முக்கியம்.

சரி, இவ்வளவும் யாருக்காக? அவருக்காக அல்ல. அவருக்கு எதற்கு லேப்டாப்? என் கொழுந்தியாளுக்காக. அவள் வீட்டிலிருந்தபடி படங்களுக்கு வசன வரி போடுகிறவள். திரையின் அடியில் ஓடுகிறதே, அந்த எழுத்து. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசப் பேச அடித்து, சரியான நொடியில் வரியை நிறுத்தி, சரியான நொடியில் எடுக்க வேண்டும். அவளிடம் இருந்ததோ கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பெட்டி. மூடியைக் கறுப்பு டேப்தான் பிடித்துக்கொண்டிருந்தது. சார்ஜர் பின்னுக்கு அடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகினால்தான் கரண்ட் ஏறும். பிளக்கைப் பிடுங்கினால் பதினோரு நிமிடம், அதற்குமேல் ஆயுள் கிடையாது. இவள் அடித்த வார்த்தை எங்கேயோ போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகத் திரைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினாள். கடைசி ஏழு மாதமும் "வாங்கலாம், பாத்துட்டிருக்கேன்" என்ற ஒரே வாக்கை நம்பி.

அவளுக்கு ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. நிரந்தர வேலை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இணையத்தில் நேர்முகம், அதிலேயே பரீட்சை: நான்கு நிமிடப் படத்துண்டுக்கு அரை மணி நேரத்தில் வரி போட்டுக் காட்ட வேண்டும். விட்டால் அடுத்த வருடம்தான் ஆள் எடுப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் அவள் கேட்டாள்: "ஏங்க, ஏதாவது ஒண்ணு வாங்கிடலாமா?" சகலை மடியில் அலுவலகத்தில் அச்சடித்து வந்த பட்டியல். "ஏதாவது ஒண்ணு" என்ற சொல் அவரைப் புண்படுத்திவிட்டது. இந்த இனத்தாரிடம் நீங்கள் எந்தக் கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் சொல்லலாம், அதை மட்டும் சொல்லக் கூடாது.

செவ்வாய்க்கிழமை வந்தது. மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று சகலை லீவு போட்டார். ஒன்பது மணிக்கு அவள், "சார்ஜ் மட்டும் ஏறுதான்னு பாத்துக்குங்க" என்று பெட்டியை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்து உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பழைய துண்டுகளைப் போட்டுப் பயிற்சி எடுத்தாள். வெளியே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நாளைக்குப் புதுசு வாங்கியபின் அது எத்தனை மடங்கு வேகம், பேட்டரி எத்தனை மடங்கு நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? பழையதை அளந்து வைத்தால்தானே சொல்ல முடியும்?

பிளக்கைப் பிடுங்கினார். சில்லை முழு மூச்சில் ஓடவிடுகிற சோதனை ஒன்றைப் போட்டார். போனில் கடிகாரத்தை அமுக்கினார். எட்டு நிமிடத்தில் அணைந்தது. எழுதிக்கொண்டார். திரும்பச் சார்ஜ் ஏற்றினார், திரும்பப் பிடுங்கினார். ஏழு நிமிடம். நியாயமான மனிதர் இதோடு நிறுத்தியிருப்பார். ஆனால் மூன்று தடவை எடுத்தால்தான் சராசரி என்று அவர் படித்திருக்கிறார். மூன்றாவது தடவை, பத்து நாற்பதுக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரிக் கொதித்துப் போய் அந்தப் பெட்டி கண்ணை மூடியது. அப்புறம் திறக்கவே இல்லை. சார்ஜர் பின்னை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், பத்திரிகையை நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார்.

கதவு திறந்தது. அவள் மேஜையைப் பார்த்தாள், பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எட்டு, ஏழு, நான்கு. அவர் மெதுவாகச் சொன்னாராம்: "சூடு ஆறிட்டா வந்துடும். ஒரு அரை மணி நேரம்."

என் வீடு எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் மாடி. பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிற வேலை எனக்கு, எப்போதும் வீட்டில்தான். அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காமல் நின்றாள் கொழுந்தியாள். கழுத்தில் ஹெட்போன், ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அவருடையது.

"மாமா, உங்க நீலக் கலரைக் குடுங்க."

நீலக் கலர் என்றால் என் லேப்டாப். வாங்கிய புதிதில் சகலை அதைத் தலைகீழாகப் புரட்டி, அடியில் கை வைத்துச் சூடு பார்த்து, "இதுல என்ன சில்லு?" என்று கேட்டபோது, "நீலக் கலர், சகலை" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து குடும்பத்தில் அதற்கு அதுதான் பெயர். சாப்பாட்டு மேஜையிலிருந்த ஏழாம் வகுப்பு அறிவியலை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பத்து ஐம்பத்தெட்டு. நானும் பின்னாலேயே ஓடிவந்த சகலையும் அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டோம்.

அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். வெளியே அவள் விரல் ஓடுகிற சத்தம் மட்டும். உள்ளே சகலை, வியர்த்த முகத்தோடு என் காதருகில்:

"சகலை, உங்களதுல பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தெரியாது."

"தெரியாமலா வாங்குனீங்க?"

"ஆமா."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் கரண்டி இருந்தது, உபயோகிக்கவில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தப்பானதை வாங்கிக் குடுத்துட்டா, வருஷக்கணக்கா அவதானே அதோட கஷ்டப்படணும். அதான் பயமா இருக்கு, சகலை."

"இப்போ ரெண்டு வருஷமா எதோட கஷ்டப்படுறா?"

அவர் குழாயடியில் கிடந்த ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவியது. மனிதர் கெட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

பரீட்சை முடிந்து அவள் அடுப்படிக்கு வந்தாள். எப்படிப் போச்சு என்று நான் கேட்டதற்கு, "முடிச்சுட்டேன் மாமா" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"உங்க பட்டியல்ல இருபத்தாறு கட்டம் இருக்குல்ல?"

"ம்."

"அதுல 'இவளுக்கு எப்போ வேணும்'னு ஒரு கட்டம் இருக்கா?"

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனாள். வாசலுக்கு அருகில் முதலாவதாக இருந்ததைக் காட்டி, கடையில் நின்ற பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "இதை இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாமா?" இருபது நிமிடத்தில் வீட்டில் இருந்தாள்.

சகலை பெட்டியைப் பார்த்தார். பட்டியலில் தேடினார். இருபத்துமூன்றாவது வரிசை. இரண்டாவது சுற்றிலேயே அவர் கழித்துக் கட்டியது, சிவப்பு அடித்திருந்தார். பட்டியலை மடித்து வைத்துவிட்டார், அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அது வேகமாக ஓடுகிறது, பொழுது சாயும் வரை பேட்டரி நிற்கிறது, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளக் இல்லாமல் வேலை பார்க்கிறாள். அவர் திருந்திவிட்டார் என்று நானும் நம்பினேன். போன வாரம் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். பட்டியலில் இருபத்தேழாவதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்: 'தேவைப்படும் நாள்'. "இதையும் சேத்து மறுபடி எல்லாத்தையும் கணக்குப் போட்டேன் சகலை. அவ எடுத்தது பரவால்லதான். ஆனா மூணு மாசம் பொறுத்திருந்தா..." நான் அவர் வாயைப் பொத்தினேன். வாங்கிய பின்னும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்தான் இந்த இனத்தில் முற்றியவர்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று. அவள் வாங்கியதில் என்ன ப்ராசஸர் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அது உங்களுக்கு இப்போது உறுத்துகிறதா? இருபத்துமூன்றாவது வரிசையில் இருந்தது எது, அந்தச் சிவப்பு எதற்காக, பொழுது சாயும் வரை என்றால் சரியாக எத்தனை மணி நேரம்? எங்கேயாவது சொல்லியிருக்கிறேனா என்று திரும்ப மேலே போய்த் தேடாதீர்கள், இல்லை. தேடுகிற நேரத்தில் உங்கள் வீட்டு உள்ளறையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சார்ஜர் பின்னுக்கு அடியில் எதையாவது மடித்துச் செருகிக்கொண்டு, நீங்கள் முடிவு பண்ணுவீர்கள் என்று யாராவது காத்திருக்கப் போகிறார்கள்.