வட்டுச் சோதனைப் பரணி

“இனிமே சாயங்காலம் மெயின் சுவிட்சுல நீங்க கை வைக்காதீங்க சார்.”

முதலாளியின் திருமுகம் நோக்கி எவரும் எய்யாத இச்சொல்லம்பை எய்த ஏந்திழை வாழி! தன் குடியில் முதற்பட்டம் கொண்டவள், கொதிக்கும் நாவினள், பில் போடும் மேசையின் பேரரசி வாழி! “அந்த சுவிட்ச் பேச்சை மட்டும் எடுத்துடாதடி” என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கணக்கு எழுதும் அக்கா காதில் ஓதிய காப்பு மந்திரத்தையும் மீறியன்றோ இப்போர் மூண்டது!

காரணம் கேண்மின். காலைதோறும் அவள் கணினி கண்விழித்ததும் கருந்திரை விரித்து, ஹார்ட் டிஸ்க் என்னும் தன் வட்டைச் சோதிப்பதாய் வெள்ளெழுத்தில் முழங்கி, நத்தையும் நாணும் நடையில் விழுக்காடு விழுக்காடாய் ஊரும். வருகைப் பதிவும் அதனுள்ளேயே என்பதால், கதவு திறக்குமுன் வந்து நின்றவளும் நாள்தோறும் ‘தாமதம்’ என்னும் தழும்பேற்றாள். தழும்பு பெருகினால் வேலை நிரந்தரமாகாது.

அஞ்சிலள் அணங்கு! பெட்டியைத் திறந்து ஒட்டடைப் படையை ஊதிச் சிதறடித்தாள்; கேபிளைப் பிடுங்கி வேறு செருகினாள்; பாவம், வட்டைச் சனியனே என்றும் வைதாள். வட்டோ மாசற்றது, மறுவற்றது.

மறந்த குடைக்காகத் திரும்பிய ஒரு மாலையில் பகைவனைக் கண்டாள். அவள் முறையாக அணைத்துப் போன கணினியை எழுப்பி, அன்றைய பில்களைப் பார்த்து மகிழ்ந்த முதலாளி, அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே நாற்காலி மீதேறி, மெயின் சுவிட்சை டப்பென்று இறக்கி, மின்சாரம் காத்த மாவீரராய்க் கைகளைத் தட்டிக்கொண்டார். நடுமூச்சில் உயிர் பறிபோன கணினி, மறுநாள் தன் வட்டுக்கு என்னாயிற்றோ என்று பதறித் துழாவாமல் என்செய்யும்!

அதையெல்லாம் எடுத்துரைத்தாள், தான் வாங்கிய தாமதங்களை நீக்கும்படியும் கேட்டாள். “முதல்ல கணினிய அணைக்கணும் சார், அப்புறம் சுவிட்சு. ரெண்டே கிளிக். நான் காட்டித் தரேன்.”

சிங்காதனச் சுழல்நாற்காலி கிறீச்சிட அவர் திருவாய் மலர்ந்தார். “நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து நான் அணைக்கிற சுவிட்சும்மா அது. நாலெழுத்து படிச்சுட்டா எனக்கே சொல்லிக் குடுப்பியா? நீ சீக்கிரம் வரப் பாரு.”

கணக்கு அக்கா காகிதக் கடலுள் தலை கவிழ்ந்தாள். பின்னே கருந்திரையில் சோதனை பதினொன்றாம் விழுக்காட்டில் முனகியது. அவர் மறுத்தால் மறுகணமே இவ்வேலையில் இல்லை என்று தான் வாய் திறக்குமுன்பே தீர்மானித்துவிட்டிருந்த தீரமங்கை, வாளை உறையிலிடுவாள்போல் பேனாவை மூடி, வெற்றிவேந்தரும் வியக்கும் நடையில் வாயிலை நோக்கி நடந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.