சொல் எடுத்துக் கொடுப்பவர்

உலகத்தில் கொடையாளிகள் பல வகை. ரத்தம் கொடுப்பவர், சோறு கொடுப்பவர், யாரும் கேட்காமலே ஆலோசனை கொடுப்பவர். இவர்கள் எல்லோரையும்விட ஆபத்தான ஒரு ரகம், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கிறேன் என்று, சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி நூலகத்தின் பாயில் உட்கார்ந்திருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று எழுத்தின்மேல் விரல் வைத்து, மூச்சை இழுத்து, 'ம' என்று தொடங்குவதற்குள், "மரம்!" என்று சொல்லிவிட்டு, மரத்தைத் தானே நட்டு வளர்த்ததுபோல் சுற்றிலும் பார்க்கும். இதற்குச் சொல் எடுத்துக் கொடுப்பவர் என்று பெயர். நானும் அந்த ரகம்தான்; ஆகையால் தைரியமாகத் திட்டலாம்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் முன்னால் சாய்வார். பிறகு உதடு துடிக்கும். பிள்ளையின் நாக்கு அண்ணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவருடைய நாக்கு அங்கே போய்க் காத்திருக்கும். பிள்ளை கொஞ்சம் மௌனமாக இருந்தால் போதும், பொங்குகிற பாலைக் கண்டவர்போல் பதறிப்போவார். கையும் களவுமாகப் பிடித்தால், "சொல்லித் தரலீங்க, சும்மா ஞாபகப்படுத்தினேன்" என்பார். தெரியாததை எப்படி ஐயா ஞாபகப்படுத்துவது?

எங்கள் நூலகத்தில் ஒரு சட்டம் உண்டு. போட்டவர் நூலகப் பொறுப்பாசிரியை தெய்வானை டீச்சர். ஒரு பிள்ளை யார் உதவியும் இல்லாமல் ஒரு கதைப் புத்தகத்தை வாசித்து முடித்தால், அந்தப் புத்தகம் ஒரு வாரத்துக்கு அதன் வீட்டுக்குப் போகும். நடுவில் பெரியவர் யாராவது ஒரு சொல் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. புத்தகம் அலமாரிக்கு, பிள்ளை அடுத்த சனிக்கிழமைக்கு.

ஒரு சனிக்கிழமை, முதலாம் ஆண்டு லோஷினி முதலைக் கதையைத் தூக்கிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இன்னிக்கு இத வீட்டுக்குக் கொண்டு போவணும். ஒனக்கு வாசிக்கவே தெரியாது, புளுகுறேன்னு தம்பி சொல்றான்."

முதல் பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கமும் போயிற்று. "முதலைக்கு… ஒரே…" என்றாள். விரல் நின்றது. நான் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"பல்வலி!" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியும்ண்ணே! நான் மொதலயோட பல்லப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பட்டதாரி சாரு முந்திக்கிட்டாரா?" என்றார் டீச்சர் மேசையிலிருந்து. "வச்சிட்டுப் போ கண்ணு. அடுத்த வாரம் வாசிக்கலாம்."

"ஒரே ஒரு சொல்லுதானே டீச்சர்…"

"ஒங்களுக்கு ஒரு சொல்லுதான் லா. அவளுக்கு ஒரு வாரம்."

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். கிளினிக்கிலிருந்து வரும் கடிதம், மின்கட்டண ரசீது, தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரி, எதுவானாலும் அப்பாவின் கண் போய்ச் சேர்வதற்குள் நான் உரக்க வாசித்து முடித்துவிடுவேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவால் வாசிக்க முடியாது என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. படித்த படிப்புக்கு வேறெங்கும் வாடிக்கையாளர் கிடைக்காமல், பால்பல் விழுந்த பிள்ளைகளிடம் கடை விரிக்கிறேனோ என்றுகூட ஒரு சந்தேகம். சந்தேகம் வந்ததே தவிர, வாய் மூடவில்லை.

அடுத்த சனிக்கிழமை லோஷினி முன்னேற்பாடோடு வந்தாள். புத்தகத்தை மடியில் விரித்தாள். இடது கையால் என் வாயைப் பொத்தினாள். கையில், காலையில் பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் சம்பல் வாசனை.

"பேசக் கூடாது, ஆ!"

பேசவில்லை. ஆனால் 'பல்வலி' வந்த இடத்தில் என் புருவம் இரண்டும் தாமாகவே மேலே ஏறின.

"பொருவத்தாலயும் சொல்லக் கூடாது லா, சார்!" என்றார் டீச்சர். இறக்கினேன். லோஷினி அந்த இடத்தைத் தாண்டினாள். பக்கம் பக்கமாகத் தாண்டினாள். முதலை வாயை அகலமாகத் திறந்தது. கோழி உள்ளே எட்டிப் பார்த்தது. பல்லிடுக்கில் சிக்கியிருந்த மீன்முள்ளைப் பிடுங்கி எறிந்தது. கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"முதலை… கோழியை…"

நின்றாள்.

'தின்றது' என்று இப்போது சொன்னது யார்?

நான் இல்லை. என் வாய் பொத்தப்பட்டிருந்தது. டீச்சரும் இல்லை, அவர் சட்டம் போட்டவர். அந்த நேரத்தில் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், உங்களைத் தவிர வேறு யாரும் இல்லையே?

நல்ல வேளை, உங்கள் குரல் அவளுக்கு எட்டவில்லை. விரலை நகர்த்தி, "கும்… பிட்… டது" என்று தானே முடித்து, புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு தம்பியைத் தேடி ஓடிவிட்டாள்.

வெட்கப்படாமல் வாருங்கள். பாயில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது. வாயைப் பொத்த ஒரு கையை மட்டும் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.