நூலகத்துக்கு நான் கூட்டம் சேர்த்த கதை

ஒரு மொழியில் ஒரே ஒரு பரீட்சை எழுதி, அதில் முதல் வகுப்பிலும் தேறிவிட்டவர் கையில் ஒலிபெருக்கியைக் கொடுக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டில், ஒரு சனிக்கிழமை மாலை, சைக்கிள் ரிக்‌ஷாவின் மேல் நின்றுகொண்டு நானே தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் சங்கரன் மத்திய சர்க்கார் குமாஸ்தா. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடுவார் (கண்ணாடியே கிடையாது). நானோ ஊரிலேயே இந்தி பிராத்மிக் பரீட்சையில் முதல் வகுப்பு. அந்தச் சான்றிதழைப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு மேலே வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் காலனிக்காரர்கள் நடத்திய ஒரு பொது நூலகம் இருந்தது. ஒரே அறை. தமிழ் மூன்று அலமாரி, இந்தி இரண்டு, ஆங்கிலம் ஒன்று. "சாவி உங்க வீட்டுல இருந்தா சௌகரியம்" என்று கமிட்டியில் சொன்னார்கள். அப்படித்தான் நான் கௌரவ நூலகரானேன். வீடுகளில் டி.வி. பெட்டிகள் முளைத்ததும் வாசகர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்து, கடைசியில் மிஞ்சியவர் வெங்கடாசலம் மாமா ஒருவர்தான். ரிடையரானவர். வருகைப் பதிவேட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து குறட்டை விடுவார்.

அந்த அறை சர்க்கார் கொடுத்தது. ஒருநாள் கடிதம் வந்தது: வாசகர்கள் வருவதாகத் தெரியவில்லை, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் பார்வையிடுவார், ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அறை கேரம் கிளப்புக்குப் போய்விடும்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் ஊராக சினிமாவுக்கு விளம்பரம் செய்கிறார்களே, நூலகத்துக்குச் செய்தால் என்ன? ஒலிபெருக்கி கட்டிய ரிக்‌ஷாவுக்கு ஏற்பாடு செய்தேன். இந்தியில் பேசவேண்டியதை நானே எழுதி சங்கரனிடம் காட்டினேன்.

"'புஸ்தகாலய்'னு போடாதே கோமு. பரீட்சைக்குப் படிக்கிற இடம்னு ஜனங்க ஓடிடுவா. 'வாசனாலய்'னு சொல்லு. சும்மா உக்காந்து பேப்பர் படிக்கிற இடம்னு அர்த்தம். அச்சா இருக்கும்."

"நீங்களும் வாங்களேன்."

"சனிக்கிழமை ஆபீஸ்ல அர்ஜெண்ட் ஃபைல். நீதான் பிராத்மிக் ஆச்சே!" என்றார். (அந்தக் கிண்டல் அன்றைக்கு எனக்குப் பாராட்டாகக் கேட்டது.)

சனிக்கிழமை மாலை மார்க்கெட்டில் நெரிசல் கொஞ்ச நஞ்சமல்ல. ரிக்‌ஷாவில் ஏறி நின்று மைக்கைப் பிடித்தேன். "பாயியோ அவுர் பஹனோ!" என்று என் குரல் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்ததும் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எழுதி வைத்திருந்த காகிதம் பறந்து ஒரு சமோசாக் கடையின் எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது. சங்கரன் சொல்லித்தந்த வார்த்தை மறந்துபோயிற்று. 'ஆலய்' என்று முடியும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. நகரத்தில் பல சுவர்களில் எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு 'ஆலய்' நாக்கில் வந்து நின்றது. அதையே சொல்லிவிட்டேன்.

சௌசாலய்.

இந்தி தெரிந்த வாசகர்கள் இந்நேரம் வாயைப் பொத்தியிருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கழிப்பறை.

மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம். தப்பில்லாத இந்தியில் முழங்கினேன். "நம்முடைய சௌசாலய் மார்க்கெட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது! எல்லோருக்கும் இலவசம்! பெண்களுக்குத் தனி இடம் உண்டு! குழந்தைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்! எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்! சத்தம் மட்டும் போடக் கூடாது! பிடித்ததை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம், பதினைந்து நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்!"

கடைசி வரிக்கு மட்டும் கூட்டம் கொஞ்சம் விழித்தது. மற்றபடி அப்படியொரு கவனம்! நடைபாதையில் துணி விற்கும் சாந்தி தேவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பஹன்ஜி, இத்தனை வருஷமா எங்களைப் பத்தி யாருமே யோசிக்கல. நீங்க நல்லா இருக்கணும்" என்று இந்தியில் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது. எழுத்தறிவுக்கு இவ்வளவு ஏக்கமா!

மறுநாள் அறைக்கு வெளியே நூறு பேருக்குமேல் வரிசை. வெங்கடாசலம் மாமா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உள்ள மண்ணெண்ணெய் எதாவது குடுக்கறாளா?" என்றார். கதவைத் திறக்கவில்லை, அதிகாரி கையால் திறக்கட்டும் என்று குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன்.

அதிகாரி பட்நாகர் சாப் பத்தரைக்குத்தான் வந்தார். வரிசையைப் பார்த்துத் திகைத்துப்போய், முதலில் நின்ற சாந்தி தேவியிடம் பேச்சுக் கொடுத்தார். (எல்லாம் இந்தியில்; தமிழில் சொல்கிறேன்.)

"எவ்வளவு நேரமா நிக்கறே?"

"ஒரு மணி நேரமா, சாப்."

"தினமும் வருவியா?"

"வராம முடியுமா, சாப்?"

"இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சே?"

"அடக்கிக்கிட்டுத்தான்."

பட்நாகர் உருகிவிட்டார். அங்கேயே சொற்பொழிவைத் தொடங்கினார். அறிவுத் தாகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். வரிசையில் சிலர் ஒற்றைக் காலில் நின்றார்கள், சிலர் நெளிந்தார்கள். பின்னால் ஒருவர் கையில் தண்ணீர்ச் சொம்பு. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. வெயில் காலம், தாகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்பன் அறுந்ததுதான் தாமதம், கூட்டம் உள்ளே பாய்ந்தது. அலமாரிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கையில் குழந்தையோடு ஒரு பெண் என்னிடம் ஓடிவந்து, "எங்கே, எங்கே?" என்று பதறினாள். நான் பெருமையோடு கைநீட்டி, "குழந்தைகளுக்கு அந்த மூலை!" என்றேன்.

அவள் நம்பிப் போனாள். குழந்தையும் காரியத்தை முடித்தது. கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது.

"யே க்யா ஹோ ரஹா ஹை!" (என்ன நடக்கிறது இங்கே!) என்று அலறினார் பட்நாகர். சொம்புக்காரர் முன்னால் வந்து, "அட, நேத்து இந்த அம்மாதான் மைக்குல சொல்லிச்சு, சௌசாலய்னு!" என்றார். அப்போதுதான் வந்து சேர்ந்த சங்கரன், வாசலில் நின்றபடியே கேட்டார்:

"கோமு, நேத்து என்ன வார்த்தை சொன்னே?"

சொன்னேன். அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. எனக்கு அழுகையாக வந்தது. நூலகமும் போயிற்று, மானமும் போயிற்று.

யாரும் எதிர்பாராமல் சாந்தி தேவிதான் பேசினாள். "அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க சாப். தப்பா சொன்னாலும் எங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்லிச்சு. மார்க்கெட் முழுக்கப் பொம்பளைங்களுக்கு ஒரு இடம் கிடையாது. காலையில கடை போட்டா சாயங்காலம் வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கறதில்ல."

பட்நாகர் ஜன்னல் வழியாக மார்க்கெட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் வெகுநேரம் எழுதினார். போகும்போது என்னிடம், "மகளே, இந்தியில் அடுத்த பரீட்சையும் எழுதிவிடு" என்று மட்டும் சொன்னார்.

அறை எங்களிடமே இருந்தது. 'பொதுமக்கள் பெருந்திரளாக, மிகுந்த அவசரத்துடன் வந்திருந்தனர்' என்று அவர் எழுதியிருந்தார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நூலகத்தை ஒட்டியே பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாக நிஜமான சௌசாலய் கட்டினார்கள். முறைக்காகக் காத்திருப்பவர்கள் உள்ளே வந்து மின்விசிறியின் கீழ் பத்திரிகை புரட்டினார்கள். புரட்டியவர்களில் சிலர் அட்டை வாங்கிக்கொண்டார்கள். வெங்கடாசலம் மாமாவுக்குத் தூங்க இடமில்லாமல் போய், வேறு வழியின்றிப் படிக்க ஆரம்பித்தார்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் யாரும் 'பாத்ரூம்' போவதில்லை, 'லைப்ரரி'க்குத்தான் போவார்கள். குழந்தைகளும் அப்படியே பேசப் பழகிவிட்டன. பல வருஷம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா, "சார் எங்கே, காணோம்?" என்று கேட்டார். என் பையன் பழக்கதோஷத்தில், "அப்பா லைப்ரரியில இருக்கார், மாமா. காலங்காத்தால போனா அரை மணி நேரம் ஆகும்" என்றான்.

அவர் மனைவியிடம் திரும்பி, "படிச்ச குடும்பம். இந்த இடத்தையே முடிச்சிடலாம்" என்றார்.

முடித்தும்விட்டார்கள். சம்பந்தியிடம் நாங்கள் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.